நாற்பத்தொன்பதாம் நாள்

வாழப்பாடி தாண்டி இடப்பக்கம் திரும்புங்கள்,
கிழங்குப் பாலின் புளித்த வாடை மீதி வழியைச் சொல்லும்.
அத்தியப்பன் சேகோ பேக்டரி.
எடைமேடைக் கூண்டுக்குள் பதினோரு வருசமாக ஒரு கணினி.
மேலே படிந்த மாவில்
யாரோ விரலால் எழுதிய லாரி நம்பர்
இன்னும் அழியவில்லை.

நாற்பத்தொன்பது நாள், பதினேழு மணி ஓடும்.
பிறகு கல்.
பாதி அச்சான எடைச்சீட்டு
நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும்.
மாதம்மாள் போன் போடுவாள்:
"அண்ணா, உங்க மிசின் விரதம் ஆரம்பிச்சிருச்சு."
ஐந்து ரோட்டில் கடையைச் சாத்திவிட்டு
வண்டியை எடுப்பேன்.

காலண்டர் அட்டையின் முதுகில் தேதிகளைக் குறித்தேன்,
கழித்தேன், பெருக்கினேன்.
உள்ளே எங்கோ ஓர் எண்ணி
மில்லி நொடிகளை அடுக்கிக்கொண்டே போய்
முப்பத்திரண்டு தட்டும் நிரம்பியதும்
பூச்சியத்தில் விழுகிறது.
வியாதி தெரிகிறது.
மருந்துகூடத் தெரியும்: ஒரு கழித்தல், ஓர் ஒப்பீடு,
இரண்டெழுத்துத் திருத்தம்.
ஆனால் அந்த வரி கடல் கடந்த ஏதோ கட்டிடத்தில்.
என் கையில் இருப்பது வறுத்த காப்பிக்கொட்டை,
ஏற்காட்டு மண்ணிலேயே ஊன்றினாலும் முளைக்காது.

கம்பெனி ஆள் பெங்களூரிலிருந்து வந்தார்.
பெயர் பிரணவ். சட்டை மடிப்பு கலையாமல்
மேசைமேல் விலைப்பட்டியலை விரித்தார்.
இது பழசு, இனி யாரும் பார்க்க மாட்டோம்.
புதுசுக்கு மிசின் கணக்கில்லை, கோர் கணக்கு.
"எட்டுக் கோர் இருந்தாலும் சார்,
குறைஞ்சது பதினாறுக்கு வாங்கணும்."
அத்தியப்பன் சன்னலைக் காட்டினார்:
"ஒரு நேரத்துக்கு ஒரு லாரிதானப்பா ஏறும்."
அதுபோக, தொடுகிற ஒவ்வொரு ஆளுக்கும் தனி உரிமம்.
"மாதம்மா லீவு போட்டா
காசைத் திருப்பித் தருவீங்களா?"

நான் கேட்டேன்.
அந்த மூலநிரலில் ஒரே ஒரு கோப்பு,
ஒரே ஒரு நாள்.
அவர் சிரிக்கவில்லை; அது எனக்குப் பிடித்தது.
"காட்டுவோம். அரசாங்கம் கேட்டால் காட்டுவோம்.
பத்தாயிரம் கணினி வாங்குகிறவர் கேட்டால்
பூட்டிய அறையில், கையெழுத்து வாங்கிக்கொண்டு.
பார்க்கலாம், தொடக்கூடாது.
பார்த்ததை வெளியே சொல்லவும் கூடாது."
"ஸ்பெஷல் தரிசனம்," என்றார் அத்தியப்பன்.
"அங்கயாவது திருநீறு தருவாங்க."

அப்புறம் குரல் ஏறியது அவருக்கு.
"உள்ளே என்ன நடக்குதுன்னு காட்டாம
விலையை மட்டும் சொன்னா
எவன் நம்புவான்?"

கூண்டுக்கு வெளியே,
கருமந்துறையிலிருந்து டிராக்டரில் கிழங்கு கொண்டுவந்த சடையன்
கையில் சீட்டோடு நின்றிருந்தார்.
இருபத்தாறு பாயிண்ட்.
"நேத்து இதே காட்டுக் கிழங்கு
அந்த ஆலையில இருபத்தொன்பதுங்க.
ராவோட ராவா மூணு பாயிண்ட் எங்க போச்சு?"
"நான் சொல்லலப்பா. மிசின் சொல்லுது."
"மிசின் எப்படிக் கணக்குப் போடுதுன்னு காட்டுங்க."

மின்விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
பிரணவ் பட்டியலை மடித்தார்,
மடித்ததை மறுபடி மடித்தார்.
மாதம்மாள் என்னைப் பார்த்தாள்.

பாயிண்ட் கணக்கை எழுதியவன் நான்.
நாலு வருசம் முன்னால், இதே நாற்காலியில்,
மண்ணுக்கும் ஈரத்துக்கும் என்று
முதலாளி வாயில் வந்த ஓர் எண்ணைக்
கழிக்கும் வரி.
காலண்டர் அட்டை தேவையில்லை அதற்கு.
நூற்றுப் பன்னிரண்டாவது வரி.
அன்றைக்கு எனக்குக் கூலி கொடுத்து
மேலே ஒரு மூட்டை ஜவ்வரிசியும் ஏற்றிவிட்டார்,
வீட்டில் ஆறு மாசம் பாயசம்.

கோப்பைத் திறந்தேன்.
அத்தியப்பன் தடுக்கவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.
திரையைச் சன்னல் பக்கம் திருப்பப் பார்த்தேன்,
வயர் எட்டவில்லை.
"உள்ள வாங்க," என்றேன்.
சடையன் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார்.

அன்று நாற்பத்தொன்பதாம் நாள்.
நின்றுபோக இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.